அதே ஊசி

மச்சாள்,

தபாலில் வந்த அழைப்பிதழைப் பிரித்ததும் சந்தன வாசம் அடித்தது. ஃபாரஸ்ட் கேட் மண்டபமொன்றில், பெரியபிள்ளையாகிவிட்ட உங்கள் தம்பியின் கூட்டாளி மகளுக்குச் சாமத்திய வீடு. பிள்ளை ஹெலிகொப்டரில் வந்திறங்குமாம். நீங்கள் இருந்திருந்தால், "பிள்ளை பறந்து வரட்டும், நான் பஸ்ஸில வாறன்" என்றிருப்பீர்கள். ஒரு பிள்ளையின் உடல் மாறுவதற்கு ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறோம். இன்னொரு பிள்ளையின் உடல் மாறுவதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் பிள்ளை தான் மகனில்லை, மகள் என்று சொன்ன அன்று உங்கள் தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். நீங்கள் தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி, "அப்ப எனக்கு மருமகன் இல்லை, மருமோள். சரி, இடியப்பம் எத்தினை வைக்க?" என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் விசாரணை.

கிளினிக்கிற்கும் நீங்கள்தான் கூட வந்தீர்கள். குரல் உடையுமுன் பருவத்தை நிறுத்திவைக்கும் ஊசிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது இந்த நாட்டுச் சட்டம் முந்திவிட்டது. எங்கள் பிள்ளையைப் போன்றவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழே அதைப் புதிதாக எழுதிக் கொடுக்கக்கூடாதாம். டாக்டர் தமிழ்நாட்டுக்காரர். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா" என்றார்.

"ஏழெட்டு வயசிலயே சாமத்தியப்படப் பாக்கிற பிள்ளையளுக்கும் இதே ஊசிதானே, தம்பி?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"ஆமாம்மா. அதுக்குத் தடையில்ல."

"அப்ப ஊசியில பிழையில்லை. எங்கட பிள்ளைதான் பிழை."

அவர் கணினியைப் பார்த்து வாசித்தார். ஆதாரம் போதாதாம், இன்னும் ஆராய வேண்டுமாம். ஆராயட்டும். அதுவரை தொண்டை காத்திருக்குமா?

காத்திருக்கவில்லை. அடுத்த கோடையில் குரல் உடைந்தது. வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்குப் போனில் பதிகம் பாடிக் காட்டியவள், பாட்டை விட்டாள்; பள்ளிக்கூடத்திலும் பேச்சை நிறுத்தினாள். நீங்கள் விடவில்லை. "நான் பாடுறன், நீ கேட்டுக்கொண்டிரு" என்று, மூச்சு வாங்க வாங்க, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் பாடினீர்கள்.

இப்போது நான் பாடுகிறேன். அவள் கதவடியில் நின்று வாயை மட்டும் அசைக்கிறாள்.

கோபத்தைச் சுவாமி அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பீர்கள். அது மட்டும் எனக்கு ஏலவில்லை, மச்சாள். விளக்கேற்றியதும் முருகனுக்கு முன்னால் முதலில் அதைத்தான் வைக்கிறேன். பூ பிறகுதான்.