ராணியும் வெள்ளையர்களும்

நைனா,

இன்று உயிரியல் வகுப்பில் டீச்சர் போர்டில் 'வெள்ளை அணுக்கள்' என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வெளியே போ" என்றார். அது இன்னும் மோசம், வராந்தாவுக்கு வந்தும் அடங்கவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வது? அதான் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நம் ஜட்கா வண்டிக் குதிரை ராணிக்குச் சினை நிற்காமல் போன நாட்கள் நினைவிருக்கிறதா? பூந்தமல்லியில் ஆண் குதிரையோடு சேர்த்துக் கூட்டிவந்ததும் ராணியைக் கொட்டகையில் கட்டிவிடுவாய். மூன்று நாள் அசையக்கூடாது, அசைந்தால் கலைந்துவிடும் என்பாய். நான் தும்மினால்கூட முறைப்பாய். கொட்டகைச் சுவரில் கரியால் 'ஹாரன் அடிக்காதே' என்று எழுதிவைத்தேன். பார்த்தாய், அழிக்கவில்லை.

மூன்று தடவை சேர்த்தும் நிற்கவில்லை. ஆவடி ஸ்டாண்டில் மலட்டுக் குதிரை என்றார்கள். "இந்தவாட்டியும் நிக்கலன்னா தரகன் கைல புடிச்சிக் குட்த்துட வேண்டியதுதான்" என்றாய், அதன் பிடரியைத் தடவிக்கொண்டே. அன்று மட்டும் எனக்குக் கேலி வரவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: "விந்து உள்ளே போனதும் உடம்பு அதை எதிரியா நினைக்கும். வெள்ளை அணுக்கள் கர்ப்பப்பைக்குத் திரண்டு வரும். சுத்தம் பண்ணத்தான் வருது. வேலை முடிஞ்சதும் கழிவோட வெளியேறிடணும். இதுக்கு வயசாகிப் பை தொங்கிடுச்சு. எல்லாம் உள்ளேயே தேங்கிப் புண்ணாகுது. நீங்க வேற கட்டிப்போடுறீங்க."

"சுத்தம் பண்ண வந்தவன் ராணி ஊட்லயே குந்திக்கினானா? அப்போ வெள்ளையனே வெளியேறுன்னு சொல்ட்டா போச்சு" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "வாய மூடு, டாக்டர் கீறாரு" என்று அதட்டிவிட்டு, நீ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாய்.

அடுத்த முறை, சேர்த்த சில மணி நேரத்தில் டாக்டர் உப்புநீர் ஏற்றிக் கர்ப்பப்பையைக் கழுவினார். கலங்கலாக வந்த நீர் கடைசியில் தெளிந்தது. பிறகு காலையும் மாலையும் ஏரிக்கரையில் நடை. முன்னால் நான் 'வெள்ளையனே' என்று கோஷம் போட, நடுவில் ராணி, கயிற்றோடு நீ. "மானத்த வாங்காத" என்ற நீயே, மூன்றாம் நாள் மெதுவாக "வெளியேறு" என்றாய். ஃபேக்டரிக்கு சைக்கிளில் போனவர் கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, ஊர்வலமா?"

"போராட்டம்பா" என்றாய்.

சில வாரம் கழித்து டாக்டர் உள்ளே கைவிட்டுப் பார்த்து, "நின்னுடுச்சு" என்றார். நீ என்னைப் பார்த்தாய். "கட்டி வெச்சா நிக்கல. நடந்தாத்தான் நிக்குது. இன்னா கதைமே இது."

பிறந்த குட்டிக்கு ஸ்டாண்டில் பெயர் கேட்டபோது, யோசிக்காமல் 'சுதந்திரம்' என்றாய். என் நக்கலை நீ திருடியது அந்த ஒரு தடவைதான்.

நீ கண்ணை மூடிய பிறகு பல நாள் நான் கொட்டகையிலேயே கிடந்தேன். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. சுதந்திரம்தான் கயிற்றை இழுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் புறப்பட்டது. பின்னாலேயே போனேன். இப்போது தினமும் பள்ளிக்கு முன்னால் ஒரு சுற்று. கோஷம் உண்டு. "வெளியேறு" சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தில் சுதந்திரம் கனைக்கிறது.

நின்று எழுதியதில் கால் மரத்துவிட்டது, நைனா. வராந்தாவில் கொஞ்சம் நடக்கிறேன்.