உங்கள் கால் அளவில் நின்ற இருக்கை

அன்பு அப்பா,

கார்க் கதவை அடித்துச் சாத்தாதே என்று நீங்கள் தினமும் சொல்லியும், தினமும் அடித்துச் சாத்திய உங்கள் ஸ்டெல்லா எழுதுகிறேன். இப்போது மெதுவாகத்தான் சாத்துகிறேன். திட்டுவதற்கு ஆள் இல்லாததால் வந்த ஒழுக்கம் இது.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நம் பங்குக் கோயிலில் இந்த வருடம் இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கோயில் வாசலில் பலகை வைத்து ஒட்டுவார்களாம், யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாமாம். ஒரு பக்கம் போதும் என்றார்கள். எனக்கு அது போதாது.

உங்கள் காரைப் பற்றித்தான் எழுத வேண்டும். வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா என்று ஒரு மாதமாக வீட்டில் இதே யோசனைதான். யோசனை என்று சொல்லலாம், பேச்சு என்று சொல்ல முடியாது. அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நான் அம்மா முகத்தைப் பார்ப்பேன், பிறகு இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்.

பலகை முன்னால் நின்று படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் சிவப்பு நிறத்தில், தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஓடுமே, வேகத்தடை வந்தால் அடி தட்டாமலிருக்கக் கோணலாக ஏறி இறங்குமே, பின்னால் வருபவர்கள் எல்லாம் ஹாரன் அடிப்பார்களே, அது எங்களுடையது. புதுச்சேரியில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. அப்பா மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. செஞ்சி, அனந்தபுரம், திண்டிவனம் என்று டாக்டர்களைப் பார்க்க அந்தக் காரில்தான் போவார். அதனால் மூன்று லட்சத்து நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் இரண்டே இருக்கை.

அந்த இரண்டு இருக்கையைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? நாம் மூன்று பேர் இருந்தோம். நான் சின்னவளாக இருந்தவரை அம்மாவின் மடியில் உட்கார்ந்தேன். வளர்ந்த பிறகு அந்த இடம் எனக்கே வந்துவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடம் திண்டிவனத்தில், அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, அதுவும் திண்டிவனத்தில். நீங்கள் அந்தப் பக்கம் போகும் நாட்களில் நான் உங்களோடு காரில் வந்தேன். அம்மா பாசஞ்சர் ரயிலில் வந்தாள். சில நாள் ரயிலடி வாசலில் நம் காரைப் பார்த்துக் கையாட்டுவாள். நானும் ஆட்டுவேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியதா?

இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். இந்தக் காருக்குச் சரியான குடும்பமாக ஆகிவிட்டோம்.

ஓட்டாமல் நிறுத்தினால் வண்டி செத்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். அதனால்தான் நீங்கள் போன நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரமே அம்மா சாவியை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு, பக்கத்துத் தெரு மைதானத்தில் ஒரு வாரம் சுற்றினாள். பிறகு நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டாள். உங்களைப் போலவே வேகத்தடையில் கோணலாக ஏறுகிறாள். உங்களைப் போலவே வண்டியைச் சரிவு பார்த்து நிறுத்துகிறாள், ஸ்டார்ட் ஆகாவிட்டால் உருட்டிவிடலாம் என்று.

ஆனால் இந்த எட்டு மாதமாக அம்மாவுக்கு இடுப்பு வலி. காலையில் ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, நாள் முழுக்க நின்று ஊசி குத்தி, மறுபடி நாற்பது கிலோமீட்டர். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். நான் பையை வைத்துவிட்டுத் தைலம் தேய்ப்பேன். கிளட்ச் ரொம்ப கனம் என்பாள். பழைய வண்டி அப்படித்தான் என்பேன். எனக்கும் அசதி அப்பா. பதினோராம் வகுப்பு, இயற்பியல், மழை, எல்லாமே கனமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இன்ஜினிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. மழை வேறு. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து தள்ளி ஓரமாக விட்டார். எனக்கு அன்று தேர்வு, போய்ச் சேரவில்லை. அம்மாவுக்கு அதைவிட மோசம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட்டாராம். அன்று மாலை அம்மா சொன்னாள், “உங்க அப்பா வண்டி. நீ சொல்லு, வெச்சிக்கலாமா, குடுத்துடலாமா?”

நான் புத்தகம் படிக்கிற பெண் இல்லையா, ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். கொடுத்துவிடலாம் என்ற பக்கம் நிரம்பியது. வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அம்மா தாங்கமாட்டாள். அந்த ஒரு வரியை நம்பி, “வெச்சிக்கலாம்மா” என்றேன். அம்மா தலையாட்டினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பாஷா பாய் பட்டறைக்குப் போனோம். உங்கள் சிநேகிதர் இப்போதும் உங்களைப் பெயர் சொல்லாமல் சாரு என்றுதான் சொல்கிறார். இன்ஜின் மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும், பாதிச் சாமான் இங்கே கிடைக்காது, ஆறு மாதம் ஓடினால் மறு ஆறு மாதம் இங்கேதான் நிற்கும் என்றார். பிரிக்கிறவரை ஓட்டுவதற்கு ஏதோ ஒரு குழாயை மாற்றிக் கொடுத்தார். ஓட்டிப் பாருங்கள் என்று அம்மாவிடம் சாவியைக் கொடுத்தார்.

அம்மா எப்போதும் போல முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்து, நுனிக்கு வந்து உட்கார்ந்து, காலை எட்டி நீட்டினாள். பாஷா பாய் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா இது, தலாணி?”

“கிளட்ச் எட்டல பாய்.”

“எட்டலைன்னா சீட்டை முன்னாடி தள்ளிக்கிறதுதானே? எட்டு மாசமா இப்டியே தொங்கிக்கினா ஓட்டினீங்க?”

அம்மா தலையணையைத் தொட்டுச் சரிசெய்தாள். பட்டறையில் எங்கோ ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா, உங்களிடம் மட்டும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன், பலகை முன்னால் இருப்பவர்கள் படித்தாலும் பரவாயில்லை. எனக்கு அது தெரியும். காரோடு வந்த கையேட்டை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். நீங்கள் ஓட்டும்போது உரக்க வாசித்துக் காட்டிச் சிரிப்பேனே, அதே புத்தகம்தான். ஓட்டும் முன் இருக்கையை உங்கள் கால் அளவுக்குச் சரிசெய்க என்று படத்தோடு போட்டிருக்கிறது. சீட்டுக்கு அடியில் லீவர் எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு மாதம் அம்மாவுக்குத் தைலம் தேய்த்தேன்.

ஏனென்றால் அது நீங்கள் வைத்த இடம். கடைசி நாள் நீங்களே ஓட்டிவந்து, நிறுத்தி, இறங்கி, வீட்டுக்குள் வந்தீர்கள். விடியும் முன் ஆஸ்பத்திரி, அதன் பிறகு எதுவுமில்லை. உங்கள் சட்டைகளைக் கொடுத்துவிட்டோம். உங்கள் போனில் இப்போது வேறு எண். அந்த இருக்கை மட்டும்தான் உங்கள் காலின் நீளத்தை நினைவில் வைத்திருந்தது. தள்ளினால் அம்மாவுக்கு வலிக்கும் என்று நான் தள்ளச் சொல்லவில்லை. தள்ளினால் எனக்கு வலிக்கும் என்று அம்மா தள்ளவில்லை. அவளுக்கும் லீவர் எங்கே என்று தெரிந்துதான் இருந்தது.

பாஷா பாய் லீவரைத் தூக்கக் குனிந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். “இருங்க பாய். நான் பண்றேன்.”

தலையணையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அடியில் கைவிட்டு லீவரைத் தூக்கி, உடம்பால் ஓர் உந்து உந்தினாள். இறுகிப்போயிருந்தது. மறுபடி உந்தினாள். கடக் என்று ஒரு பல் முன்னால் வந்தது. கடக், கடக், கடக். மொத்தம் நான்கு பல். உங்களுக்கும் அம்மாவுக்கும் இடையில் அவ்வளவுதான் தூரம். அப்போது பின்னால், இத்தனை நாள் இருக்கை மூடியிருந்த இரும்புத் தடத்தில் துருப்பிடிக்காத பளபளப்பான ஒரு துண்டு தெரிந்தது, பக்கத்தில் ஒரு வேர்க்கடலை ஓடு, நம் மல்லாட்டைத் தோல். பனமலை ஏரிக்கரையில் மீட்டர் இரண்டு லட்சத்தைத் தொட்டபோது வண்டியை நிறுத்தி, அவித்த மல்லாட்டை வாங்கித் தின்றோமே, அன்றையதா? இருக்காது. நீங்கள் எப்போதும் தின்றுகொண்டுதான் ஓட்டுவீர்கள். அம்மா அன்றும் நம்மோடு இல்லை, வேலையில் இருந்தாள்.

கிளட்சை மிதித்துப் பார்த்த அம்மா, “இவ்ளோ சுளுவா இருந்துச்சா?” என்றாள். யாரையும் கேட்கவில்லை.

அங்கிருந்து வீட்டுக்கு வந்தோம். தலையணை என் மடியில் இருந்தது. சரிவு பார்த்து நிறுத்தி இன்ஜினை அணைத்த பிறகு, இறங்காமல் அம்மா சொன்னாள், “இப்ப நல்லாத்தான் இருக்குடி. இடுப்புல ஒண்ணுமே தெரியல. அதனாலதான் இப்ப கேக்கறேன். குடுத்துடலாமா?”

“உனக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?”

“எனக்கா?” அம்மா ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சொன்னாள். “நான் இந்த வண்டில உக்காந்துக்கினு உங்க அப்பாகூட எத்தினி தபா போயிருப்பேன், சொல்லு? நீ பொறந்தப்புறம் விரல் விட்டு எண்ணிடலாம். ரயில்ல போய்க்கினு இருந்தவ நான். நீ அழுவேன்னுதான் வெச்சிக்கினு இருக்கேன்.”

“நான் நீ அழுவேன்னு.”

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “ரெண்டு லூசுங்க,” என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு தலையணையை என் மடியிலிருந்து வாங்கி அதில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பா, கொடுத்துவிடுகிறோம். இடுப்பு வலிக்கிறது என்று கொடுக்கவில்லை, கோபத்திலும் கொடுக்கவில்லை. அதை ரிப்பேர் பண்ணி ரசித்து ஓட்ட நேரமும் தெம்பும் இருக்கிறவர் ஒருவர் வருகிறார், பாஷா பாய் பார்த்துச் சொன்ன ஆள். எங்களுக்கு விடிந்தால் திண்டிவனம் போய்ச் சேர்ந்தால் போதும். வரப்போவது சாம்பல் நிறத்தில் நான்கு கதவு வைத்த சாதாரணப் பழைய கார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னால் நீளமாக ஓர் இருக்கை இருக்கிறது. ஆர்மோனியம் வாசிக்கும் அக்கா உட்பட கோயில் பாடகர் குழுவில் பாதிப்பேர் அதில் ஏறிக்கொள்ளலாம் என்று அம்மா இப்போதே கணக்குப் போடுகிறாள்.

உங்களுக்கு வருத்தமா? கேட்டால் பதில் வராது என்று தெரியும். ஆனாலும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

கல்லறைத் திருநாள் அன்று உங்கள் காரில்தான் வருவோம். அதுதான் அதன் கடைசி ஓட்டம். கல்லறைத் தோட்டத்து வேகத்தடையில் அம்மா கோணலாக ஏறுவாள், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தியும் சாமந்தியும் என் மடியில் இருக்கும். இருக்கை அம்மாவின் கால் அளவில் இருக்கும்.

பதினெட்டு வயதானதும் நானும் ஓட்டக் கற்றுக்கொள்வேன். அது எந்தக் காராக இருந்தாலும், ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக லீவரைத் தூக்கி இருக்கையை என் கால் அளவுக்கு நகர்த்துவேன். எனக்குப் பிறகு யார் ஓட்ட வந்தாலும், தயங்காமல் நகர்த்திக்கொள்ளச் சொல்வேன். இதை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டேன்.

உங்கள் இடப்பக்கத்து இருக்கையில் வளர்ந்த மகள்,
ஸ்டெல்லா