செட்சி ஈயும் மாதாவின் நீலமும்

மொன்றியல்
14.05.2006

அன்பு மகள் அனோஜினிக்கு,

ஆண்டவர் துணையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கர்க்லாண்டில் உன் றெக்ஸ் அண்ணா வீட்டிலும் ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை, நீயும் அந்தக் காட்டுக்குள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். சாமான் ஏற்றிவரும் சின்ன விமானத்தில்தான் உங்களுக்குத் தபாலும் வரும் என்பதால் இது எப்போது உன் கைக்குக் கிடைக்குமோ தெரியாது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் முகாமின் செய்மதிப் போனில் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று கேட்க அதற்குள் அது அறுந்துவிடுகிறது, இது பாதியில் அறுந்துபோகக்கூடாத கதை.

முதலில் அப்பாவின் புதினம். செப்டெம்பரில் எங்கள் இரண்டுபேரையும் நீ வழிகாட்டியாக நிற்கிற கட்டாவிக் காட்டுக்குச் சபாரி கூட்டிப்போக நீ திட்டம் போட்டு அனுப்பிய நாளிலிருந்து மனுசனுக்குக் கால் தரையில் இல்லை. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற தன் வேலையிடத்தில் அவர் சொல்லாத ஆளில்லை, "இவ்வளவு காலமும் மற்ற ஆக்களின்ர பயணத்துக்குச் சோறு கட்டினன், இப்ப என்ர மகள் எனக்குப் பயணம் கட்டுறா" என்று வாய் ஓயாமல் கதைக்கிறாராம். மழையில்லாத மாதங்களில் ஆறு வற்றி, நீர்யானைகள் எல்லாம் மிஞ்சிய சேற்றுக்குள் நெருக்குப்பட்டுக் கிடக்கும் என்று நீ எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, வேலைநாள் காலையில் எங்கள் செயின்ட்-மிஷேல் பஸ் மாதிரி என்று சிரிக்கிறார். சின்ன விமானத்தில் சக்கரப்பெட்டி ஏற்றமாட்டார்கள் என்றாய், உடனே துணிப்பை வாங்கிவந்து இப்போதே அடுக்கத் தொடங்கிவிட்டார். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்கக்கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொல்லியும் அடியில் ஒரு கருவாட்டுப் பார்சல் கிடந்தது, நான் எடுத்துவிட்டேன். மன்னார்க் கருவாட்டின் ருசி கழுதைப்புலிக்குத் தெரியவேண்டாம்.

இனி என் பாடு. நீ எழுதிய ஒரு விஷயத்தில்தான் நான் விழுந்தேன். நீலமும் கறுப்பும் உடுத்துக்கொண்டு வரவேண்டாம், செட்சி என்ற ஈ அந்த நிறங்களைத்தான் தேடிவந்து கடிக்கும், துணிக்கு மேலாகவும் குத்தும், சிலவேளை அதனால் தூக்க வியாதியும் வரும் என்று எழுதியிருந்தாயல்லவா. அலுமாரியைத் திறந்தேன் பிள்ளை, உள்ளே நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மாவுக்கு நீலம் பிடிக்கும் என்று நினைத்து நீயும் நத்தாருக்கு நத்தார் நீலத் துணியாகவே பார்த்து அனுப்புகிறாய். அது விருப்பமில்லை, நேர்த்தி. நீ ஆபிரிக்காவுக்கு விமானம் ஏறிய அன்று, என் மகள் சுகமாக வீடு வந்து சேரும்வரை தாயே உன் நீல நிறத்தைத்தான் உடுப்பேன் என்று மடு மாதாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். நேர்த்தியைச் சொல்லித் திரிந்தால் அது பெருமைக்குச் செய்ததாகிவிடும்.

இப்போது அதை முறித்தால் அது உன் தலையில் வந்து விடியுமோ என்று எனக்குச் சரியான பயம். ஈ கடித்தால் கடிக்கட்டும், நீலத்தோடேயே வருவோம் என்றும் நினைத்தேன், ஆனால் நீ பத்துப்பேரை வழிநடத்துகிற இடத்தில் பெற்ற தாயே உன் சொல்லைக் கேளாமல் வந்து நின்றால் மற்றவர்கள் எப்படிக் கேட்பார்கள். அப்பாவைத் தனியே அனுப்பிவிட்டு நான் நிற்பது என்றே முடிவெடுத்துவிட்டேன். கடைசியில் மனம் கேளாமல் சுவாமியாரிடம் போய்க் கேட்டேன், "நேர்த்திய வேற ஒரு நற்செயலா மாத்தலாம் பிள்ளை, மாதா கோவிக்கமாட்டா" என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் நேர்ந்தவள் நானல்லவா, மனம் ஆறவில்லை. கோயிலில் பக்கத்தில் இருக்கும் அல்போன்சம்மா இதைக் கேட்டுவிட்டு, "உள்ளுக்கு நீலத்தைப் போட்டு மேலால காக்கியைப் போடன், மாதாவுக்குத் தெரியும், ஈக்குத் தெரியாது" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மாதாவோடு ஒளித்துப்பிடித்து விளையாடுகிற வயதா எனக்கு.

இப்படி இருக்கும்போது போன ஞாயிற்றுக்கிழமை றெக்ஸ் அண்ணா தன் அயல்வீட்டு மதாம் லூசியைக் கூட்டிவந்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை, அவன் சொல்லித்தான் போன வருடம் உன்னிடம் சபாரிக்கு வந்தவவாம், பட அல்பத்தோடு வந்திருந்தா. அவ பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அண்ணா தமிழில் சொன்னான். கன்றோடு நின்ற ஒரு யானை காதை விரித்துக்கொண்டு வண்டிக்கு நேரே வந்ததாம், சாரதி வண்டியை எடுக்கப் பார்க்க நீ அவன் கையில் கையை வைத்து, ஒருவரும் அசையவேண்டாம் என்று மெல்லச் சொன்னாயாம். யானை கிட்டவந்து நின்று பார்த்துவிட்டுத் தன்பாட்டில் திரும்பிப் போனதாம். "நாங்கள் ஒருத்தரும் யானையைப் பாக்கேல்லை, உங்கட மகளின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தம். அதில பயமில்லை, அதால எங்களுக்கும் பயம் வரேல்லை" என்றா. அப்பா எழும்பி முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சேறு பட்ட சப்பாத்தோடும் தொப்பியோடும் நீ ஒரு மரத்தடியில் நிற்பது, சொந்த வளவில் நிற்கிறவள் நிற்பதுபோல இருந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது அனோ. கொஞ்சம் வலித்தது, அதையும் மறைக்கமாட்டேன். மகள் வீடு வந்து சேரவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, அவள் எப்போதோ வீடு சேர்ந்துவிட்டாள், அது செயின்ட்-மிஷேலில் இல்லை, அவ்வளவுதான். என் பிள்ளையைக் காப்பாற்று தாயே என்று கேட்டேன், மாதாவோ மற்றவர்களைக் காப்பாற்றுகிற பிள்ளையாக்கி வைத்திருக்கிறா, இதற்குமேல் நான் அவவிடம் எதைக் கேட்பது. அடுத்த நாளே கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, நேர்த்தி நிறைவேறிவிட்டது என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அப்பாவோடு கடைக்குப் போய்க் காக்கிச் சட்டை வாங்கினேன். போட்டுக்காட்ட, பொலிஸ்காரி மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும், அப்பாவைக் கட்டி மேய்க்க அதுவும் தேவைதான்.

ஆகவே நானும் வருகிறேன். மலேரியாக் குளிசையை எப்போதிருந்து போடவேண்டும் என்று அறிவி, அப்பா இப்போதே தொடங்கப் பார்க்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு, படுக்கமுன் செபத்தை மறக்காதே. தேவதாயின் காவலும் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் என்றும் உன்னோடு இருக்கட்டும். இன்னொன்று மகள், வண்டியில் எனக்கு முன் இருக்கை வேண்டாம், உன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து ஒன்று தா. யானை வந்தால் நானும் அங்கேதான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்
அம்மா