காணிக்கை நேரத்து மெட்டு

நாசரேத்
12-1-1976

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் நேற்றுச் செய்துவிட்டுப் போன காரியத்தால் நிம்மதிதான் இல்லை.

நம் கல்யாணத்தைச் சபைக்கு அறிவித்து முதல் ஓலை வாசித்த அன்றைக்கேவா உங்களுக்கு இந்தப் புத்தி வரவேண்டும்? கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல், நீங்கள் போய் உட்கார்ந்தீர்கள், சரி. காணிக்கை எடுக்கும்போது வாசிக்க எத்தனை பாமாலை மெட்டு இருக்கிறது! கப்பல்காரன் கொடுத்த அந்த ஹெவி மெட்டல் இசைத்தட்டிலிருந்தா வாசிப்பது? அதையும் இழுத்து இழுத்து, உருக்கமாக! உபதேசியார் என்று ஊரே பயப்படுகிற என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன மெட்டு மருமகனே, நெஞ்சப் பிசையுதே" என்று கேட்டார். ஏதாவது ஒரு பாமாலை எண்ணைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? தலைகீழ்ச் சிலுவை போட்ட தட்டு, கடவுளை ஏசுகிற பாட்டு என்று பெரிய சத்தியவான் போல ஒப்பித்துவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே கூப்பாடு. "சாத்தான் பாட்டுக்காளா நான் அழுதேன்?" என்று என்னைப் பிடித்துக் கேட்கிறார், நான் வாசித்த மாதிரி. உங்கள் ஊர்ப் பாதிரி ஐயர் முன்னால் தட்டை உடைத்து, 'இது பிசாசின் வார்த்தை' என்று வாயால் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் இரண்டாம் ஓலையாம்.

பள்ளிக்கூட விலாசத்துக்குப் பதில் எழுதுங்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தை அப்பா முதலில் படித்துவிடுகிறார்.

தீபம்


மில்லர்புரம்
தூத்துக்குடி
13-1-1976

அன்பு தீபத்துக்கு,

துறைமுகத்தில் கப்பல் வரிசைகட்டி நிற்கிறது, ஆபீசில் மேனேஜர் உயிரை எடுக்கிறார். இதற்கு நடுவில் என் ஆத்துமாவை வேறு ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். வீட்டுக்கார நல்லக்கண்ணு அண்ணாச்சி தேவலை. "தம்பி, மிஷினு ரிப்பேரா? என்னமோ அலறுதே" என்பதோடு விட்டுவிடுவார்.

மாமா அழுதார் என்றால் மெட்டு நல்ல மெட்டு என்றுதானே அர்த்தம்? கேட்டார், உண்மையைச் சொன்னேன். கோயிலுக்குள் பொய் சொல்லச் சொல்கிறாயா?

பாட்டின் வார்த்தைகளை இத்துடன் எழுதி அனுப்பியிருக்கிறேன். நீதான் இங்கிலீஷ் டீச்சராயிற்றே, படித்துப் பார்த்து மாமாவிடம் சொல். சாத்தானைப் புகழ்ந்து ஒரு வரி கிடையாது. பிள்ளையைப் புதைத்த ஒருவன் கடவுளோடு சண்டை போடுகிறான், அவ்வளவுதான். தட்டை உடைக்க மாட்டேன். பிடித்ததைப் பிசாசு என்று சொல்ல என் வாய் வராது.

அன்புடன்,
எஸ்றா


நாசரேத்
15-1-1976

என் அன்பு அத்தானுக்கு,

அப்பாவிடம் சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன். முடியவில்லை. 'என் பிள்ளை மூச்சுக்குத் தவித்தபோது நீ எங்கே போனாய்? பெட்டியைத் தூக்கி வந்தபோது மட்டும் மணி அடித்தாயே' என்று வருகிற இடத்தில் தாளை மடித்துவிட்டேன்.

என் தம்பி பிரசாதம் தொண்டை அடைத்துச் செத்தது உங்களுக்குத் தெரியும். ஐந்து வயசு. அப்பா 'கர்த்தரின் சித்தம்' என்றார், அடக்கத்தில் என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். பாட்டுக் குரல் நன்றாக இருந்தது என்று ஊரே மெச்சியது. உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி தொண்டையிலேயே நிற்கிறது. யாரோ ஒரு நீளமுடிக்காரன் அதை ஊர் கேட்கக் கத்தியிருக்கிறான். அப்பா ஏன் அழுதார் என்று எனக்கு இப்போது புரிகிறது.

தட்டை உடைக்காதீர்கள். கல்யாணம் தள்ளிப் போனாலும் போகட்டும். எனக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். நீங்களும் இதைத்தானே அதில் கேட்கிறீர்கள்? எழுதுங்கள்.

உங்கள் தீபம்


மில்லர்புரம்
19-1-1976

அன்பு தீபத்துக்கு,

எல்லாம் சுபமாக முடிந்தது. உன் கடிதம் வந்த அன்றைக்கு அம்மாவும் வந்து ஒரே அழுகை. எனக்கும் அலுத்துவிட்டது. சனிக்கிழமை ஐயர் முன்னால் தட்டை இரண்டாக உடைத்து, பிசாசின் வார்த்தை என்று சொல்லிவிட்டேன். வாய்ச்சொல்தானே, காசா பணமா? நேற்று இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மாமாவுக்கு வாயெல்லாம் பல்லாம்.

நீ ஏன் இதையெல்லாம் தம்பியோடு முடிச்சுப் போடுகிறாய்? பழையதைக் கிளறாதே, உடம்புக்கு ஆகாது. உண்மையைச் சொன்னால், உனக்கு எழுதி அனுப்பும்வரை அந்த வார்த்தைகளை நான் சரியாகக் கவனித்ததே இல்லை. கிதாரும் டிரம்மும் போதும் எனக்கு. அவன் ஊரில் இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அந்தக் கப்பல்காரனே சொன்னான். வார்த்தையை யார் பார்க்கிறார்கள்?

கல்யாணப் புடவை என்ன நிறம் வேண்டும்? அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
எஸ்றா


நாசரேத்
24-1-1976

அத்தானுக்கு,

புடவை எடுக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

சத்தத்துக்காகப் பாட்டுக் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தட்டு உடைந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்ப் பிசாசின் வார்த்தை என்று சொன்னீர்களே, அது என் வார்த்தை அத்தான். பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். நீங்கள் நிறம் கேட்கிறீர்கள். இனி உங்கள் வீட்டிலும் காலமெல்லாம் நன்றாகப் பாடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "பிரசாதம் பேர இன்னைக்குத்தாம்ளா உன் வாயால கேக்கேன்" என்றார். என்னைத் தடுக்கவில்லை.

நாளை மூன்றாம் ஓலை. தடை சொல்ல யாராவது உண்டா என்று ஐயர் கேட்பார். நான் எழுந்து நிற்பேன்.

ஞானதீபம்