நீலம் இறங்காத ஓட்டைகள்

நவம்பர் 11, புதன்

மழை. நேற்றும் மழை. தீபாவளிக்கு மூன்று நாள் லீவில் வந்தவள், ஸ்பிரிங்வெளி ரோட்டில் மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே கிடக்கிறேன். பதுளைக்கு பஸ் இல்லை. ஆட்டோக்காரர் கும்பிடு போட்டுவிட்டார்.

செய்ய வேண்டியவை:
– மணற்கல் படங்கள், மறுபடி எண்ண (ரிப்போர்ட்டோடு இணைக்க)
– அம்மா முழங்காலுக்குத் தைலம்
– குடைக் கம்பி

சிக்னல் கோயில் மேட்டில் மட்டும்தான். கொழும்பு ஆபீசிலிருந்து மேலதிகாரி நிமல் சார் போன். இங்கிலீஷில், ஒரே சந்தோஷம். புத்தளம் பக்கத்து மணற்கல் எண்ணெய், வாயு தேங்க நல்ல பாறை என்று நான் எழுதியது கம்பெனிக்குப் பிடித்துவிட்டதாம். அதை வைத்துத்தான் ஆழ்கிணறு தோண்டுவதா என்று தீர்மானிப்பார்களாம். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதிவிட்டாராம். நாலு தடவை தேங்க்யூ சொன்னேன். குடை திருப்பிக்கொண்டது.

அம்மாவிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முழங்கால் வீங்கி இந்த வாரம் வேலைக்குப் போகாதவள், விறுவிறு என்று எழுந்து கொழுந்துக் கூடையை எடுத்துப் போய் அடுத்த காம்பரா செல்வி அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

"இந்தா புள்ள, ஒங் கூடைதான் கிழிஞ்சு கெடக்கே. நான் இந்த மாசத்தோட பேர் வெட்டிக்கப் போறேன்."

பேர் தோட்டத்து வேலைப் பட்டியலில் இருக்கும்வரைதான் இந்த ஒற்றை அறைக் காம்பரா. பேரை வெட்டினால் வீட்டையும் விடவேண்டும். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் ஹாலிஎல டவுனில் வாடகை வீடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சை நம்பித்தான் இரண்டு வருஷமாக இந்தக் காலோடு மலை ஏறுகிறாள்.

12, வியாழன்

மழை. கரண்ட் மத்தியானம் வந்தது. லெப்டொப் சார்ஜ்.

அம்மா: "அந்தப் பேர் வெட்டுற கடுதாசிய எழுதிரு பாப்பா." நாளைக்கு என்றேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டைனோசர் காலத்துக் கல். அதில் நீலச் சாயம் கலந்த பசையை ஊறவிட்டு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிசாகத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்போம். படத்தில் புள்ளி புள்ளியாக எண்ணவேண்டும். இங்கே மணல், இங்கே ஓட்டை, இங்கே மணல். நீலம் இருந்தால் ஓட்டை. ஓட்டை நிறைய இருந்தால் எண்ணெய் தங்க இடம்.

சில ஓட்டைகளில் நீலம் இல்லை, வெறும் வெள்ளை. போன தடவை, சாயம் சரியாக இறங்கவில்லை என்று நினைத்து அவற்றையும் ஓட்டையாகவே எண்ணினேன். தேய்த்ததும் நான்தான்.

இன்று வேறு ஏதோ தேடப் போய், முழுக்கத் தேய்ப்பதற்கு முன்னால் சும்மா எடுத்து வைத்த படங்கள் அகப்பட்டன. அதே கல், அதே மூலை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

வெள்ளை ஓட்டை இருக்கும் இடத்தில் அந்தப் படத்தில் மணல்மணி உட்கார்ந்திருக்கிறது. குண்டாக, சௌக்கியமாக.

கல்லில் ஓட்டை இல்லை. அவசரமாகத் தேய்த்து மணியைப் பெயர்த்தெடுத்தது நான். நான் போட்ட ஓட்டையை நானே எண்ணி, நல்ல பாறை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

சோற்றைத் தட்டோடு மூடி வைத்தேன். வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் பொய்.

13, வெள்ளி

தூறல். ரோட்டில் இயந்திரம் மண் அள்ளுகிறதாம்.

எல்லாப் படங்களும் மறுபடி. முன்னைப் படம் இருக்கும் இடத்தில் எல்லாம் அதே கதை. நீலத்தை மட்டும் எண்ணினால் பாதிகூடத் தேறவில்லை. அந்த நீலமும் அங்கொன்று இங்கொன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி இல்லை. எங்கள் லயம் மாதிரி, வரிசையாகக் காம்பரா, நடுவில் சுவர். இதற்குள் எண்ணெய் இருந்தாலும் வெளியே வராது.

பைப்படியில் காதில் விழுந்தது:
"அந்தப் புள்ள கல்லப் பாத்தே சம்பளம் வாங்குதாம்."
"எந்தக் கல்ல?"
"எண்ண ஊறுற கல்லாம்."
"அப்ப நமக்கு வெளக்கெரிக்க லாம்பெண்ணெ வருமா?"
ஒரே சிரிப்பு. நானும் வாளியோடு நின்று சிரித்துவைத்தேன்.

அம்மா கேட்ட கடிதம் எழுதவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது. யாருக்கும் தெரியாது. முன்னைப் படங்கள் என்னிடம் மட்டும். ஒரு பட்டனைத் தட்டினால் போச்சு. லெப்டொப்பை மூடி வைத்தேன்.

14, சனி

மழை விட்டது. மூட்டம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில், தேங்காய் துருவும்போது. முழுக்கக் கேட்டாள்.

"இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? மழ நாள்ல நாங்களும் ஈரக் கொழுந்தத்தான் தராசுல போடுறோம். கணக்கப்புள்ள தண்ணிக்குன்னு கழிச்சிட்டுத்தான் எழுதுறாரு. ஒங்க எண்ணக் கம்பெனிக்காரன் மட்டும் கழிக்காம எழுதுவானா?"

சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சொன்னேன்:

"கழிக்கிறதுக்குத்தாம்மா என்னைய வச்சிருக்காங்க."

அம்மா துருவின தேங்காயையே மறுபடி துருவினாள்.

15, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

நிமல் சாருக்கு மெயில் எழுதினேன். அழித்தேன். எழுதினேன். "சிறு திருத்தம்" என்று தொடங்கி, அதை வெட்டி, "என் தவறு" என்று போட்டேன். இரண்டு படங்களையும் ஜோடியாக இணைத்தேன்.

கோயில் மேட்டுக்கு மூன்று தடவை ஏறினேன். முதல் தடவை சிக்னல் இல்லை. இரண்டாவது தடவை சிக்னல் இருந்தது, தைரியம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா முழங்காலை நினைத்தேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை, பின்னேரம் ஐந்தரைக்கு, அனுப்பினேன்.

பயமாக இருக்கிறது. நிம்மதி என்பார்களே, அது வரவில்லை.

16, திங்கள்

நல்ல வெயில். ரோடு திறந்தாச்சு. காலை பஸ் ஹாரன் லயம்வரை கேட்டது. பையைக் கட்டினேன்.

பதினொன்றுக்கு கோயில் மேடு. நிமல் சாரின் மெசேஜ்: "பார்த்தேன். ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். நீ அவசரப்பட்டு கொழும்புக்கு வர வேண்டாம். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்."

தேவைப்பட்டால். மூன்று தடவை வாசித்தேன்.

இறங்கி வந்தேன். அம்மா வாசலில்.
"என்னா சொன்னாரு?"
"இப்ப வர வேணாமாம்."
"வேலயா?"
"தெரியலம்மா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து செல்வி அக்கா காம்பராவுக்குப் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கூடையோடு திரும்பி வந்தாள். கூடையைத் தலையில் மாட்டும் கயிறு இல்லை.

"அவ புதுக் கயிறு போட்டிருந்தா. அது அவளோடது, அவுத்துக் குடுத்துட்டேன்."

கட்டிலுக்கடியிலிருந்து பழைய கயிற்றை எடுத்தாள். நைந்துபோன இடத்தை வெட்டி, ஒரு நுனியை என் கையில் கொடுத்தாள்.

"இழுத்துப் புடி பாப்பா. வெடியக்கால பெரட்டுக்குப் போயி வேலக்கிப் பேர் குடுக்கணும்."

பிடித்தேன். அம்மா முடிச்சுப் போட்டாள்.