விமானப் பாகங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்ததும் என் வேலை நின்றதும்

அனுப்புநர்:
வீ. காமாக்ஷி,
க/பெ. வீரபாண்டி,
மிளகுக் கிடங்குச் சந்து, மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
மாவட்டத் தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
எறணாகுளம்.

பொருள்: கிடங்கு வேலையிலிருந்து என்னை நிறுத்தியது – காரணம் விளங்காதது – விசாரிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு விசாலாக்ஷி எழுதுகிறாள். சுருக்கமாகச் சொல் என்கிறாள். எனக்கு அது வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. பத்தொன்பது வருடம் அந்தக் கிடங்கில் மிளகு புடைத்தேன், சுக்கு பிரித்தேன். இப்போது பாதிக் கிடங்கை ஒரு சரக்குக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிறது. மிளகுத் தூசு போக நான்கு நாள் கழுவினோம். இன்றும் உள்ளே போனால் தும்மல் வரும். களமசேரியில் செய்த விமானப் பாகங்கள் கப்பல் ஏறும்வரை அங்கே இருக்கும். கூட்டித் துடைக்க என்னை வைத்துக்கொண்டார்கள். விமானத்தை முழுதாக ஓரிடத்தில் செய்வார்கள் என்றிருந்தேன். "சிறகு ஒரு நாட்டில, வாலு வேற நாட்டில சேச்சி, எல்லாம் கொண்டு போயி ஒண்ணா பூட்டுவாங்க" என்று மேற்பார்வையாளர் ஷாஜி சொன்னார். அன்று முழுக்க எனக்கு அதே யோசனை.

2. கடந்த ஜூன் 24 அன்று லாரித் தார்ப்பாய் ஒழுகி ஒரு பெட்டி நனைந்து வந்தது. "தொடச்சு வெய்யி சேச்சி" என்று சொல்லிவிட்டு ஷாஜி சாயா குடிக்கப் போனார். அடியில் தண்ணீர் சொட்டியதால் திறந்தேன். உள்ளங்கை அளவில் முப்பத்தாறு பாகங்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய எண் சீட்டு. மழைக்காலத்தில் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்க எடைக்கற்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது எங்கள் கிடங்கு வழக்கம். சீட்டில் எண்ணெய் படக்கூடாது என்று அவற்றை அவிழ்த்து வைத்தேன். பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, சீட்டுகளைத் திரும்பக் கட்டினேன். எந்தச் சீட்டு எதனுடையது என்று பார்க்கவில்லை. எல்லாம் ஒரே அச்சு ஐயா.

3. திரும்பி வந்த ஷாஜி மணம் பிடித்துத் தலையில் கை வைத்தார். "இத ஆருட்டயும் சொல்லண்டாம் சேச்சி" என்று பெட்டியை ஒட்டிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. என் மகளின் பிரசவத்துக்கு ஆலுவா வரை வண்டி ஓட்டி வந்தவர்.

4. இரண்டாம் நாள் பரிசோதனைக்கு வந்த சோனியா மேடம் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதென்ன, மீன் பொரிச்சிங்களா? எண்ணெய் ஆரு தேச்சது?" என்று கேட்டார். ஷாஜி தரையைப் பார்த்தார். "நான்தான் மேடம். சீட்டையும் அவுத்துக் கட்டினேன்" என்றேன். மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எந்தப் பாகம் எந்த உலோகத்தில் செய்தது, எந்தச் சோதனையில் தேறியது என்பதை எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியுமாம். இனி முப்பத்தாறும் குப்பையாம். ஒரு கீறல்கூட இல்லை. நல்ல பொருள் எப்படிக் குப்பையாகும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

5. மறுநாள் கிடங்குக்குள் நுழையும் என் பாஸைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்கள். யாரும் சொல்லாமல் நானே வேண்டுமென்றே கெடுத்தேன் என்று அதில் எழுதியிருந்ததாம். நான் கைநாட்டு வைக்கவில்லை. வைத்தால் மட்டாஞ்சேரியில் எந்தக் கிடங்கும் என்னை உள்ளே விடாது.

சீட்டுகளைப் பார்க்காமல் கட்டியது என் தவறுதான். அப்படியே எழுதட்டும், கைநாட்டு வைக்கிறேன். துடைக்கச் சொன்னாரா இல்லையா என்று ஷாஜியைத் தாங்கள் அழைத்துக் கேட்டு, என் பாஸைத் திருப்பிக் கொடுக்கச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. பரிசோதனை நாளில் திரும்பிப் போகும்போது சோனியா மேடம் என் கையைப் பிடித்து, "சீட்டு மாறினத நீங்க சொல்லலன்னா, எண்ணெயக் கழுவிட்டு அனுப்பியிருப்போம் சேச்சி" என்றார். திட்டினாரா, நன்றி சொன்னாரா, தெரியவில்லை. என் வேலை போனது எண்ணெய் தேய்த்ததற்கா, கேட்டபோது மறைக்காமல் சொன்னதற்கா? தாங்கள் விசாரித்து, எனக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் தர வேண்டுகிறேன்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 08.07.2024

இப்படிக்கு, தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
வீ. காமாக்ஷி
(இடது கைப் பெருவிரல் ரேகை)