உப்பு நிற்காத மாடி

அன்புள்ள அத்தை,

இன்று நடந்ததை உள்ளபடி எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் மறைக்க மாட்டேன்.

காலையில் அப்பா குருமாவுக்குப் பிரிஞ்சி இலையை எண்ணெயில் போட்டார். அந்த வாசனையில் நீ வந்துவிட்டாய். பௌர்ணமிதோறும் ஆபீஸிலிருந்து வந்ததும், ஓர் இலையில் வேண்டுதலை எழுதி மொட்டைமாடியில் எரிப்பாயே, அதே வாசனை. நிலவையும் மண்ணையும் கும்பிடும் பெண்களின் வாட்ஸப் குழுவில் நீ கற்றுக்கொண்டது அது. நம் வலியசாலைத் தெருவில் யாரும் கேள்விப்படாத பூஜை.

முதல் தடவை அவர்கள் சொன்னபடி கல்லுப்பால் வட்டம் போட்டாய். மழை வந்து கரைத்துவிட்டது. மழை விட்டதும் அரிசிமாவைக் கரைத்துக் கோலமாகவே வட்டத்தை இழுத்துவிட்டாய். படத்தைப் பார்த்துக் குழுவில் ஒருத்தி, உப்பில்லாத வட்டம் வட்டமே அல்ல, சொற்களும் வரிசை மாறக் கூடாது என்று எழுதினாள். நீ பதில் போட்டாய்: "எங்க ஊர்ல உப்பு நிக்க மாட்டேங்கறது. நான் நிக்கறேனே, போறாதா?" சிரித்துக்கொண்டுதான் போட்டாய். ஆனால் அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் பௌர்ணமி இன்று. நான் செய்யாவிட்டால் அந்தப் பூஜை உன்னோடு முடிந்துவிடும். அப்பாவிடம் சொன்னேன்.

"இதொக்கெ என்னத்துக்குடி? மந்திரம் தெரியுமா நோக்கு?"

"பாதி தெரியும்."

"பாதியை வெச்சுண்டு பூஜையா? ஒழுங்கா வராதுன்னா விட்டுடணும்."

"அத்தை விடலையே, அப்பா."

அவர் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

சாயங்காலம் என் வட்டம் கோணிப்போயிற்று. தீப்பெட்டி நமுத்திருந்தது, இலை பாதிதான் எரிந்தது. மூன்றாவது வரியில் சொற்கள் மறந்தன. மறந்த இடத்தில், நீ இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை. தொடங்க மாட்டேன். பிழை பார்த்து மார்க் போடுகிற தெய்வம் எனக்கு வேண்டாம். அந்தக் குழுவிடமும் ஒப்புதல் கேட்கப் போவதில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்தது மந்திரம் அல்ல, அத்தை. தப்பாகப் போன பிறகும் இடத்தைவிட்டு நகராமல் நிற்பது. அது என்னிடம் இருக்கிறது.

அப்பா மாடிக்கு வந்தார்.

"கோணலா இருக்கே."

"ஆமாம்."

கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "இந்த பல்ப் எரிஞ்சா நிலா எங்கேடி தெரியும்?"

மாடி விளக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். கீழே கூடத்து விளக்கு அணைந்தது. பிறகு சமையலறை விளக்கும்.